எண்ணெய்ப் படலத்தின் விலை

எண்ணெய்க் குவளையும் திருகுச்சாவியுமாக இயந்திரங்களைச் சுற்றிவரும் பராமரிப்புப் பணி, ஆலைகளில் நெடுங்காலம் சில்லறை வேலையாகவே கருதப்பட்டது. அது சில்லறை வேலைதானா? ஒரு வரலாற்றைப் பாருங்கள்.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், இரும்பு எஃகு ஆலைகளில் உயவு பற்றி ஒரு மாநாடு கூடியது. தேய்மானத்தால் இயந்திரங்கள் பழுதாவதைப் பலரும் அங்கே எடுத்துரைத்தனர். இதை ஆராய, பீட்டர் ஜோஸ்ட் என்ற பொறியாளர் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1966இல் வெளியான அதன் அறிக்கை உராய்வு, தேய்மானம், உயவு மூன்றையும் ஒரே துறையாக்கி, 'டிரைபாலஜி' எனப் பெயரிட்டது. 'டிரைபோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தேய்த்தல் என்று பொருள்.

இத்துறையின் அறிவை முறையாகப் பயன்படுத்தினால், பிரிட்டனில் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சமாகும் என்று அறிக்கை மதிப்பிட்டது. உராய்வு என்றதும் வீணாகும் ஆற்றலைத்தானே நினைக்கிறோம்? அந்த வகையில் மிச்சம் வெறும் 2.8 கோடி! பராமரிப்பிலும் பாகங்களை மாற்றுவதிலும் 23 கோடி. இயந்திரம் பழுதாகி நிற்பதால் விளையும் நட்டத்தில் 11.5 கோடி.

காரணம் எளிது. சுழலும் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தலைமயிரைவிட மெல்லிய அப்படலம் அறுந்தால் தாங்கி தேயும், தண்டு இறுகும், ஒரு சிறு பாகத்துக்காக ஆலையே காத்துக் கிடக்கும்.

உராய்வுக் கெழுவை வகுப்பில் கணக்கிடும் மாணவர்களே! பராமரிப்புப் பொறியாளர் நாள்தோறும் காவல் காப்பது அந்தப் படலத்தைத்தான்.