75 ரூபாய் எப்படிக் கிடைத்தது?

போன கிழமை ஒரு ஆய்வுப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பரிந்துரைக் கடிதம், ஆய்வு முன்மொழிவு, செலவுத்திட்டம், கடைசியில் ‘குறைந்தபட்சத் தகைமை’ என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் வந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, “உண்மையான கெட்டிக்காரனுக்கு உதொண்டும் தேவையில்லையடாப்பா. ராமானுஜனைப் பார், அவர் என்ன ஃபோமா நிரப்பினவர்?” என்றார்.

அது சரிதானா என்று பார்க்கத்தான் ராமானுஜனின் கதையைத் திரும்ப வாசித்தேன். அண்ணா சொன்னது பிழை.

எங்களுக்குத் தெரிந்த கதை சின்னது. சென்னையில் ஒரு ஏழைக் கிளார்க், கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். ஹார்டி மேதையைக் கண்டுபிடிக்கிறார். பிறகு கப்பல். இந்தக் கதையில் காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ராமானுஜனின் முதல் அனுபவமே புலமைப்பரிசிலை இழந்ததுதான். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் அது பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. அதாவது பட்டம் இல்லை.

1910இல் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் பார்த்தவர், இந்த ஆளை வருவாய் அலுவலகத்தில் புதைக்கக்கூடாது என்று நினைத்து, சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பினார். அப்படிக் கைமாறிக் கைமாறி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். அவர் தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ஆனால் ஒருவரின் தயவில் எவ்வளவு காலம் இருப்பது? 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலையில் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எனக்கு முக்கியமாகப் பட்டது பெப்ரவரியில் எழுதிய இரண்டாவது கடிதம். மூளை வேலைசெய்யச் சாப்பாடு வேண்டும், நீங்கள் ஆதரவாக ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை பெற அது பயன்படும் என்று அதில் கேட்டிருக்கிறார். இது பரிந்துரைக் கடிதம் கேட்பதல்லாமல் வேறென்ன?

அதே மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வோக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் வேலையைப் பார்த்தார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கணித ஆய்வுச் சபை கூடி, மாதம் 75 ரூபாய் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. இங்கேதான் அந்தப் பெட்டி வருகிறது. விதிப்படி ஆய்வு உதவித்தொகை முதுமாணிப் பட்டக்காரருக்கு மட்டும். ராமானுஜனுக்கோ இளமாணியும் இல்லை.

அப்போது துணைவேந்தராக இருந்த நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர், பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைக் காட்டினார். ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை அல்லவா என்பது அவர் வாதம். அது எடுபட்டது. 1913 மே முதல் ராமானுஜன் ஆய்வு மாணவர். நிபந்தனையும் இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. கப்பலேற முன்னர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். ஆக, அவரும் ஃபோம் நிரப்பினவர்தான்!

இங்கிலாந்துப் பயணத்துக்கும் இதே கதை. சென்னைக்கு விரிவுரை செய்ய வந்த நெவில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் பக்கம் எழுதினார். வருடம் 250 பவுண் கிடைத்தது. அதில் 50 பவுண் வீட்டுக்கு. டிரினிட்டி கல்லூரி மேலே 60 பவுண் கொடுத்தது. 1914 மார்ச் 17இல் கப்பல் புறப்பட்டது.

இதில் எனக்கு இரண்டு விசயம் படுகிறது. ஒன்று, விதியின் எழுத்தைப் பார்க்காமல் அதன் நோக்கத்தைப் படித்த ஒருவர் அந்த மேசையில் இருந்தார். இல்லாவிட்டால் வோக்கரின் கடிதமும் கோப்புக்குள் கிடந்திருக்கும்.

மற்றது கொஞ்சம் கசப்பானது. ராமானுஜனுக்கு முதலில் கைகொடுத்த இந்தியர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே பிராமணர்கள். ஆங்கிலம் படித்த உத்தியோகத்தர்கள். அவரிடம் வறுமை இருந்தது, தட்டக்கூடிய கதவுகளும் இருந்தன. அதே வருடங்களில் அந்தக் கதவுகளுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாத சாதியில் பிறந்த ஒரு பிள்ளை, அல்லது ஒரு பெண்பிள்ளை, நோட்டு நிறையக் கணக்கு எழுதியிருந்தால்? அந்த நோட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ‘திறமை இருந்தால் தானாக வரும்’ என்று சொல்லும்போது அந்த நோட்டுகளை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

ராமானுஜன் இதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்தியா திரும்பும் அவருக்கு வருடம் 250 பவுண் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் சொன்னபோது, 1919 ஜனவரி 11இல் லண்டனில் இருந்து பதில் எழுதினார். நோயோடு இருந்த காலம். அந்தத் தொகை தன் தேவைக்கு அதிகம். பெற்றோருக்கும் தனக்கும் வேண்டியது போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவழியுங்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் ஏப்ரல் 26இல், 32 வயதில், இறந்துபோனார்.

நான் அந்தப் பெட்டியில் என்னிடம் உள்ளதை எழுதிவிட்டு, கடிதம் கேட்டு இரண்டு விரிவுரையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ராமானுஜனே கேட்டிருக்கிறார், எனக்கென்ன? பிறகு அந்த அறிவித்தலை எங்கள் பட்ச் குறூப்பிலும் போட்டுவிட்டேன். போட்டி கூடும்தான். ஆனாலும் எந்தக் கதவைத் தட்டலாம் என்று எல்லாருக்கும் தெரியவேண்டும்.