இஸ்தான்புல் கடைவீதியில் ஓர் இலவச வகுப்பு

உஸ்மானிய வரலாறு என்றதும் நமக்கு நினைவு வருபவை கோட்டைகளும் போர்களும்தாம். இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற மூடிய கடைவீதியில் தொழில் பழகிய ஏழைச் சிறுவர்களுக்காக 1860களில் நடைபெற்ற ஒரு வகுப்பைப் பற்றி நம் இல்லங்களில் எவரும் பேசக் கேட்டதில்லை. நம் பிள்ளைகள் அறிய வேண்டியது அதுவே என்று கருதுகிறோம்.

1838இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்திற்குப் பின் ஐரோப்பியச் சரக்குகள் உஸ்மானியச் சந்தைகளில் குவிந்தன. பரம்பரைக் கைத்தொழில்கள் தளர்ந்தன. உஸ்தாதிடம் கைவேலையைக் கற்ற சிறுவனுக்குக் கணக்கேட்டைப் படிக்கத் தெரியாது. ஒரு கடிதம் எழுதவும் பிறர் தயவு வேண்டும். நகரின் கிறிஸ்தவ, யூத சமூகங்கள் தங்கள் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளை நடத்தி வந்தன. முஸ்லிம் சிறுவர்கள் பின்தங்கியதைக் கண்டு கவலையுற்ற சிலர் சேர்ந்து இஸ்லாமியக் கற்பித்தல் சங்கத்தை நிறுவினர்.

அவர்கள் யார் என்பதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. யூஸுஃப் ழியா பிற்காலத்தில் நிதியமைச்சரானவர். அஹ்மத் முக்தார் 1877ஆம் ஆண்டுப் போரில் 'காஸி' பட்டம் பெற்று, 1912இல் பிரதம மந்திரியாகவும் அமர்ந்தார். ஹுஸைன் தவ்ஃபீக்கோ நேரியல் இயற்கணிதம் குறித்து 1882இல் ஆங்கிலத்திலேயே நூல் வெளியிட்ட கணித மேதை. இத்தகையோர் முன்னின்ற சங்கம், கடைவீதியை அடுத்த பாயஸித் பகுதியில் கடைப்பையன்களுக்கு எழுத்தும் வாசிப்பும் கணக்கும் இலவசமாகக் கற்பித்தது. பணம் கொடுப்பது எளிது. தம் நேரத்தைக் கொடுப்பதே அரிது. நம் ஜமாஅத்துகளில் கல்வி உதவித்தொகை வழங்க முன்வருவோர், வாரத்திற்கு ஒரு மணி நேரம் அமர்ந்து பாடம் சொல்லித் தர முன்வருவோரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவ்வகுப்புகளின் அனுபவம் பெரிய திட்டமொன்றுக்கு வழிகோலியது. தந்தையை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்காக 1873இல் தாருஷ்ஷஃபகா பள்ளி திறக்கப்பட்டது. 'பரிவின் இல்லம்' என்பது அதன் பொருள். யதீம்களுக்கு உணவும் உடையும் அளித்து அனுப்பிவிடும் இல்லமாக அது நின்றுவிடவில்லை. அக்காலத்தின் புதிய தொழில் தந்தி. கிரிமியப் போர்க் காலத்தில் உஸ்மானிய மண்ணுக்கு வந்த தந்திக் கம்பிகள் நாடெங்கும் நீண்டுகொண்டிருந்தன; அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டனர். தாருஷ்ஷஃபகா தந்திக் கலையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அதன் மாணவர் பலர் தந்தித் துறையில் பணியமர்ந்தனர். சந்தையில் எந்த வேலை காத்திருக்கிறது என்று பார்த்துப் பாடம் வகுத்த அந்தத் தெளிவு இன்றைக்கும் எத்தனை பள்ளிகளுக்கு உண்டு? இசை மேதை ஸகாயீ தெதே அங்கே இசை கற்பித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழைப்புக்கான கல்வி என்பதற்காகப் பிள்ளைகளின் உள்ளத்தை அவர்கள் வறட்சியில் விடவில்லை.

அங்கே பயின்ற யதீம்களுள் ஒருவர் ஸாலிஹ் ஸகீ. 1882இல் படிப்பை முடித்துத் தந்தித் துறையில் சேர்ந்தார். துறையே அவரைப் பாரிஸுக்கு அனுப்பி மின்பொறியியல் படிக்க வைத்தது. திரும்பி வந்தவர் கணிதப் பேராசிரியராகி, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

பள்ளி 1971 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 1994இல் மஸ்லாக் பகுதிக்கு இடம் மாறி, இன்றும் கட்டணமின்றி நடந்து வருகிறது.