கட்டங்களில் அசைந்த புள்ளி

சிறிய கணிப்பொறியில் படத்தை அசைய வைத்த முறையின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்சும் ஓர் எளிய கணிப்பொறி மொழியை வகுத்தனர். அதுவே பேசிக். 1964ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலையில் அது முதன்முதலாக இயங்கியது. விஞ்ஞானம் பயில்வோர் மட்டுமன்றி, இலக்கியமும் வரலாறும் பயில்வோரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1977இல், டாண்டி நிறுவனம் டி.ஆர்.எஸ்.-80 என்னும் வீட்டுக் கணிப்பொறியை ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வைத்தது. அதன் தொடக்க வகையில் நினைவகம் 4 கிலோபைட்டுதான். அதிலிருந்த பேசிக்கும் மிகச் சுருங்கியது. எண்களை இட்டுவைக்க ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் ஒரே ஓர் எண் வரிசையும் உண்டு, அவ்வளவே. திரை குறுக்கே 128, நெடுக்கே 48 எனக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. மொத்தம் 6,144 கட்டங்கள். 'செட்' என்றால் குறிப்பிட்ட கட்டம் ஒளிரும். 'ரீசெட்' என்றால் அணையும். ஓவியனுக்குக் கிடைத்த தூரிகை இவ்விரண்டு சொற்களே.

இதைக் கொண்டு அசைவை எவ்வாறு காட்டுவது? சினிமாவில் நொடிக்கு 24 முழுப் படங்கள் மாறி மாறி விழுகின்றன. சிறு கணிப்பொறியால் அது இயலாது. ஏனெனில், இந்த மொழி ஒவ்வொரு வரியையும் படித்து, பொருள் கண்டு, அதன் பிறகே நிறைவேற்றும். அதே வரி நூறு முறை வந்தால் நூறு முறையும் புதிதாகவே படிக்கும். 6,144 கட்டங்களையும் ஒவ்வொன்றாக மாற்றப் புகுந்தால், காண்பவர் பொறுமை இழந்துவிடுவார்.

ஆகவே, திரையில் மாறியது எது என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு புள்ளி வலப்புறம் நகர வேண்டுமானால் இரண்டே கட்டங்கள்தாம் மாறுகின்றன. பத்தாம் கட்டத்தை அணைக்க வேண்டும். எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். பதினோராம் கட்டத்தை ஏற்ற வேண்டும். கண் அதைப் பற்றிக்கொள்ளச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பின்னர் மறுபடியும் முதல் வரிக்குத் திரும்ப வேண்டும். அணைக்க மறந்தால் புள்ளி நகராது, கோடாக நீளும். ஓரத்தை எட்டியதும் கூட்டுவதை விட்டுக் கழிக்கச் சொன்னால், பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் இருக்கும்.

கட்டமும் விதியும் தமிழருக்குப் புதியவை அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிரித்திவாசனுடன் சேர்ந்து 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல், கட்டங்களைச் சேர்த்துக் கோலம் அமைக்கவும் இலக்கணம் வகுக்கலாம் என்று அதில் காட்டினர். ஏட்டுக் கல்வி பெறாத பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாசலில் இட்டுவந்த கோலம், கணிப்பொறி விஞ்ஞானத்தின் ஆய்வுப்பொருளாயிற்று. சில விதிகளை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய வடிவம் பிறக்கும் என்பதை அப்பெண்களின் கைகள் முன்பே அறிந்திருந்தன.

ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் நாம் இதை எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் கணிப்பொறிக் கல்வி வரும் என்ற எண்ணம் தோட்டத்துப் பெற்றோரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. கருவி இல்லாத பிள்ளை தன்னைத் தாழ்வாகவே எண்ணிவிடுகிறது. ஆனால், மேற்சொன்ன பாடத்துக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் அழிப்பானும் போதும். ஒரு பிள்ளை கட்டளையை உரக்கச் சொல்லட்டும். மற்றொரு பிள்ளை, சொன்னதை மட்டும், சொன்ன வரிசையிலேயே செய்யட்டும். எந்த வரி தவறு என்பது தாளிலேயே தெரிந்துவிடும். செம்பனை நிரையில் எத்தனையாவது மரம் என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் குறுக்கெண்ணும் நெடுக்கெண்ணும் கடினமாகா.

இயந்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். டி.ஆர்.எஸ்.-80 இன்று பழம்பொருள். மாறியது எது, மாறாதது எது என்று பிரித்தறியும் பழக்கமோ பழையதாவதில்லை. அப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஊட்டுவது நம் கடமை.