அம்பு எங்கே பாய்ந்தது?

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், குண்டூர் நாடு என்றொரு பகுதி இருக்கிறது. பெயரில்தான் குண்டு. அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியோ அம்புக்காரன்!

ஓரி விட்டது ஒரே அம்பு. அது யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது என்று பாடி வைத்திருக்கிறார் சங்கப் புலவர் வன்பரணர்.

அம்பு விட்டவனைப் பாட ஆயிரம் பேர் உண்டு. பட்டவன் கதி? அம்புக் காலமோ, துப்பாக்கிக் காலமோ, போர்க்களத்தில் விழுந்து கிடப்பவனைப் பற்றி வைத்தியருக்கு இரண்டே கேள்விகள்தான். எங்கே பட்டது? உயிர் எப்படி இருக்கிறது? அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் பதில் தெரிந்தால் பிழைக்க வைக்கலாம். ஆனால் டாக்டர் இருப்பது எங்கேயோ. அப்படியானால் செய்தி சொல்ல வேண்டியது யார்?

சட்டை!

சிரிக்காதீர்கள். 1996-ல் அமெரிக்க ராணுவத் துறை இதற்காகப் பணம் ஒதுக்கியது. அந்த வேலையை ஏற்றுக்கொண்டது அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் கல்விக்கூடம். குழுத் தலைவர் யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பம் படித்த சுந்தரேசன் ஜெயராமன். ஆமாம், கம்ப்யூட்டர் சட்டையைச் செய்யக் கிளம்பியது தறி தெரிந்த ஒருவர்!

அவரும் சுங்மி பார்க் உள்ளிட்ட சகாக்களும் பிளாஸ்டிக் ஒளியிழையைச் சட்டை முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து நெய்தார்கள். ஒரு முனையில் வெளிச்சம் புறப்படும். மறுமுனைக்கு அது வந்து சேராவிட்டால், குண்டு துளைத்து இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்த இடத்திலிருந்து திரும்பி வரும் சமிக்ஞையை வைத்து, குண்டு பாய்ந்த இடத்தையும் கண்டுபிடிக்கலாம். இதயத் துடிப்பு, மூச்சு பற்றிய தகவல்கள் மின்சாரம் கடத்தும் இழைகள் வழியாக இடுப்பில் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும்.

பெரிய சிக்கல் ஒன்று கத்தரிக்கோல் ரூபத்தில் வந்தது. கை நுழைக்க ஓட்டை வெட்டினால் இழையும் அல்லவா வெட்டுப்படும்? சட்டை ஊமையாகிவிடுமே! அதனால் வெட்டு, தையல் எதுவும் இல்லாமல், கை ஓட்டையோடு சேர்த்துத் தறியிலேயே சட்டையை நெய்து எடுத்தார்கள். அதைச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று 2001-ல் பாராட்டியது டைம் பத்திரிகை. முதல் சட்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதெல்லாம் ராணுவக் காசு, நமக்கென்ன என்கிறீர்களா? பொறுங்கள். 1997-ல் எம்.ஐ.டி.யின் ரெஹ்மி போஸ்ட், மேகி ஓர்த் இருவரும் துணியிலேயே கீபோர்டு செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளில் ஒன்று, உலோக இழை சுற்றிய ஆர்கன்சா பட்டு. நம் நாட்டில் பல தலைமுறைகளாக நெய்கிற துணி! 2007-ல் லியா பியூக்லி வடிவமைத்த 'லிலிபேட்' வந்தது. துணியில் ஊசி நூலால் தைத்துவிடக்கூடிய மைக்ரோகன்ட்ரோலர் அது. விஷயம் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது.

நீங்களும் செய்து பார்க்கலாம். மின்சாரம் கடத்தும் துணியில் இரண்டு துண்டு. நடுவில், எலெக்ட்ரானிக் பாகங்களைச் சுற்றி வருகிற, கரி கலந்த கறுப்பு பிளாஸ்டிக் தாள். மேலே அழுத்தினால் மின்தடை குறையும். கூடவே ஒரு ரெசிஸ்டரையும் சிறு பேட்டரியையும் இணைத்தால், மைக்ரோகன்ட்ரோலர் அந்த அழுத்தத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும்.

சோதிப்பது பி.காம். படித்த எனக்கே பிடிபடுகிற விஷயம்தான். லெட்ஜர் மாதிரி ஒரு பக்கம் எடை, மறுபக்கம் எண். கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று படிக்கல்லை வைத்து எழுதிக்கொண்டே வாருங்கள். கல்லை எடுத்த பிறகும் எண் உடனே பழைய இடத்துக்குத் திரும்பாமல் அடம்பிடிக்கும். ஈரம் பட்டால் கணக்கே மாறும். வியர்க்கிற, துவைக்கிற, கசங்குகிற துணியை நம்பி ஓர் உயிரை ஒப்படைப்பது எத்தனை பெரிய காரியம் என்பது அப்போது புரியும்.

ஓரி, தன் அம்பு எங்கே போய் நின்றது என்று பார்க்கப் புற்று வரைக்கும் நடந்திருப்பான். இன்று அதைத் துணியே சொல்கிறது. பீரோவில் இருக்கும் பாட்டியின் பட்டுப் புடவையை எடுத்துப் பாருங்கள். அசல் ஜரிகை என்றால் அதில் வெள்ளி இருக்கும். மின்சாரம் கடத்துவதில் உலோகங்களில் முதல் இடம் வெள்ளிக்குத்தான்.

பாட்டிக்கு அது தெரியாது. தறிக்காரருக்கும் தெரியாது. ஆனால் நூல் அறுந்துவிடாமல் நெய்யத் தெரிந்திருந்ததே... கடைசியில் அதுதானே வேண்டியிருந்தது!