எண்ணெய்த் துளியின் வரலாறு

தலைநகரில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினர், காலனியையும் அலுவலகத்தையும் இணைத்த பழைய பேருந்தை மறந்திருக்க மாட்டார்கள். குளிர்காலக் காலையில் அது கக்கிய கரும்புகையையும் மறந்திருக்க மாட்டார்கள். அப்புகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் ஒரு சிறு பம்பின் வரலாறாகும்.

ஜெர்மானியப் பொறிஞர் ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். ஆயின், எண்ணெயை உள்ளே தெளிக்க அழுத்தக் காற்றும், அதற்கெனக் கனத்த கருவியும் தேவைப்பட்டன. அச்சுமையுடன் வண்டி ஓடுவது எங்ஙனம்? ராபர்ட் பாஷ் 1922இல் முயன்று, 1927இல் பெருமளவில் ஆக்கத் தொடங்கிய பம்பு இவ்விடரை நீக்கிற்று. 1936இல் மெர்சிடிஸ் 260 டி என்னும் டீசல் கார் பிறந்தது. நம் நாட்டில் 1951இல் தோன்றிய 'மைக்கோ' நிறுவனம் பெங்களூரில் இத்தகைய பம்புகளைச் செய்தது. 1980ஐ ஒட்டி நம் அம்பாசிடரும் டீசல் எஞ்சினுடன் வரலாயிற்று.

இப்பம்பின் உயிர்நிலை பிளஞ்சர் என்னும் எஃகுத் தண்டு. தண்டுக்கும் அது இயங்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. ஆதலின் ஒன்று தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றல் வேண்டும். தண்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தண்டைச் சற்றே திருப்பினால் எண்ணெயின் அளவு கூடும் அல்லது குறையும்.

செப்பனிடும் தொழிலாளி காஷ்மீரி கேட் கடைகளில் உதிரிப்பாகம் வாங்கிப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. சோதனை மேடையில் பம்பைச் சுழற்றி, ஒவ்வொரு வாயிலிருந்தும் வரும் எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் பிடிப்பார். மட்டம் ஒத்து வரும் வரை திருத்துவார். இறுதியில், உச்ச அளவைக் குறிக்கும் திருகைக் கம்பியிட்டு ஈய முத்திரை வைப்பார்.

அந்த முத்திரையே அறத்தின் எல்லை. கூடுதல் இழுவிசையை நாடி அதனை உடைத்தோர் பலர். மிகுந்த எண்ணெய்க்குப் போதிய காற்றின்மையால், அது முற்றும் எரியாமல் கரியாய் வெளிப்பட்டது. ஊரார் நெஞ்சு அதனைச் சுமந்தது.

புகைக்குக் காரணங்கள் வேறும் உண்டு. எனினும் விளைவு ஒன்றே. பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. 2002 இறுதிக்குள் தில்லிப் பேருந்துகள் மாறின. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விலக்கிற்று. உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை உறுதி செய்தது. வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன. மின்னணு முறையோ, திருகின் வேலையையே பறித்தது.

துளியை அளந்த கைகள் இன்று அருகி வருகின்றன. அளவறிந்து வாழ்தல் எஞ்சினுக்கு மட்டுமன்று, நகருக்கும் உரிய நெறி என்பதே அக்கைகள் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.