நாய்க்கும் சேவலுக்கும் எடுத்த நடுகற்கள்

காவலிலும் வேட்டையிலும் சண்டையிலும் சிறந்து நின்ற நாய், சேவல் ஆகியவற்றின் நினைவாகப் பழங்காலத்தில் நடப்பட்ட கற்கள் தென்னிந்தியாவில் சில கிடைத்துள்ளன. வளர்த்த உயிர் இறந்தால் வருந்துவது இக்கால நகர வாழ்க்கையின் பழக்கம் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று என்பதற்கு இக்கற்கள் சான்றாகின்றன.

நடுகல் மரபு

ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் உயிர்விட்ட வீரருக்குக் கல் நட்டு வழிபடுவது பழந்தமிழர் வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. இறந்தவரின் உருவமும் பெயரும் செயலும் கல்லில் பொறிக்கப்பட்டன. மனிதருக்கு உரிய இச்சிறப்பே சில வேளைகளில் அவர்களோடு வாழ்ந்த உயிர்களுக்கும் கிடைத்தது.

எடுத்தனூர் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடுத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்ட கல் இது. வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியே ஒரு பொறிப்பு தெரிவிக்கிறது.

சேவல்கள்

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலின் உருவம் பொறித்த நடுகல் ஒன்று உள்ளது. முகையூரின் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி என்று அதன் எழுத்துகள் குறிக்கின்றன. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து இந்தளூர்க் கல், கீழ்ச்சேரிக் கோழியைப் பொற்கொற்றி என்று பெயரிட்டுச் சொல்கிறது. இரண்டிலும் சேவல் ஒருவரின் உடைமையாக அல்லாமல் ஒரு சேரிக்கு உரியதாகவே சுட்டப்படுகிறது. அதன் இழப்பும் சேரி முழுவதற்குமான இழப்பாகவே கருதப்பட்டிருக்க வேண்டும்.

ஆதகூர்க் கல்

நாயின் நினைவுக்கு மிக விரிவான சான்று கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. கி.பி. 949-950ஐச் சேர்ந்த இக்கன்னடக் கல்வெட்டு, சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரையும் குறிப்பிடுகிறது. அப்போரில் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் படைத்தலைவன் மணலேரன் வீரம் காட்டினான். வேண்டியதைக் கேள் என்று மன்னன் சொன்னபோது, அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போராடியது. பன்றியும் நாயும் ஒருங்கே மாண்டன. நாயின் நினைவாக ஊர்க் கோயிலின் முன் கல் நடப்பட்டது. நீர்ப்பாசன நிலமும் கொடையாக அளிக்கப்பட்டது. கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசகர் உண்டால் அவருக்குப் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு எச்சரிக்கிறது.

துயரும் சடங்கும்

இக்கற்கள் எதுவும் அழுகையைப் பேசவில்லை, வீரத்தையே பேசுகின்றன. ஆயினும் இழப்பைத் தாங்குவதற்கு வேண்டிய மூன்றை இவை ஏற்படுத்தித் தந்தன: மறக்காதிருக்க ஒரு பெயர், சென்று நிற்க ஓர் இடம், திரும்பத் திரும்பச் செய்ய ஒரு கடமை. ஊரார் பார்வையில் கல் நின்றதால், வளர்த்தவர் தம் துயரை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய வழக்கங்கள் இருந்தன. வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துக்கொண்டனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். நியூயார்க் மாநிலத்தின் ஹார்ட்ஸ்டேலில் 1896லும், பாரிஸை ஒட்டிய அஸ்னியேரில் 1899லும் வளர்ப்பு உயிர்களுக்கெனத் தனிக் கல்லறைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன.

இன்று வீட்டு நாய் இறந்தால், "ஒரு நாய்க்காகவா இவ்வளவு?" என்ற கேள்வியை வளர்த்தவர் எதிர்கொள்ள நேரிடுகிறது. ஆதகூர்க் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பூசை நின்றுவிட்டாலும், காளியின் பெயரை அதில் இன்றும் படிக்கலாம்.