கணக்கு இடிக்குதே!

1933-ல ஃப்ரிட்ஸ் ஸ்விக்கின்னு ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர், கலிஃபோர்னியாவுல உக்காந்து ஒரு கணக்கு போட்டார். நூத்துக்கணக்கான கேலக்ஸிகள் ஒண்ணா இருக்குற 'கோமா' கூட்டத்துல, அதெல்லாம் என்ன வேகத்துல ஓடுதுன்னு பார்த்தார். அந்த வேகத்துக்குக் கூட்டமே எப்பவோ சிதறியிருக்கணும். சிதறலையே! கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு, அது கரும்பொருள்னார். பெருசா யாரும் காதுல போட்டுக்கலை. மனுஷன் கொஞ்சம் வாய்த்துடுக்கு வேற.

1970-கள்ல வேரா ரூபின் தனித்தனி கேலக்ஸிகள் சுத்துற வேகத்தை அளந்தப்பவும் இதே மாதிரி கணக்கு இடிச்சுது. அப்புறம்தான் எல்லாரும் ஸ்விக்கியைத் திரும்பிப் பார்த்தாங்க. பாவம், 1974-ல அவர் போய்ச் சேர்ந்துட்டார்.

அப்பவும் ஒரு கேள்வி பாக்கி. கரும்பொருள்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல நாம படிச்ச ஈர்ப்பு விதிதான் தப்பா?

இங்கதான் சந்திரா தொலைநோக்கி வருது. கேலக்ஸிக் கூட்டங்கள்ல நட்சத்திரங்களை விடப் பல மடங்கு எடையுள்ள கொதிக்கிற வாயு இருக்கு. அது எக்ஸ்ரேயிலதான் பளிச்சுனு தெரியும். எக்ஸ்ரே நம்ம காத்து மண்டலத்தைத் தாண்டி இறங்காது, அதனால 1999-ல தொலைநோக்கியையே மேல அனுப்பினாங்க. 'புல்லட் கிளஸ்டர்'ங்கறது 300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால ஒண்ணோட ஒண்ணு மோதின ரெண்டு கூட்டம். சந்திரா அதை 100 மணி நேரத்துக்கும் மேல பார்த்துது. மோதல்ல வாயு உரசி நடுவுல பின்தங்கிடுச்சு. ஆனா பின்னாடி இருக்குற கேலக்ஸிகளோட ஒளி எங்க வளையுதுன்னு பார்த்து எடையைத் தேடினா, பெரும்பகுதி வாயு இருக்குற இடத்துல இல்லை! உரசாம ரெண்டு பக்கமும் தாண்டிப் போயிருக்கு. 2006-ல இது வெளியானது. ஈர்ப்பு விதியை மட்டும் திருத்தி இதைச் சமாளிக்கிறது ரொம்பக் கஷ்டம். இன்னொரு வேடிக்கை, இப்படி ஒளி வளையறதை வச்சு எடை போடலாம்னு 1937-லயே சொன்னதும் ஸ்விக்கிதான்.

அந்தத் தொலைநோக்கியோட பேரையும் கவனிங்க. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் பேருதான் அது. 1935-ல லண்டன்ல, நட்சத்திரங்களோட முடிவைப் பத்தி அவர் போட்ட கணக்கை எடிங்டன் எல்லார் முன்னாடியும் கேலி செஞ்சார். சந்திரசேகருக்கு 1983-ல நோபல் கிடைச்சுது. ஸ்விக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கேலி வாங்கின ஒருத்தர் பேர்ல பறக்குற கண்ணு, காதுல வாங்காம விட்ட இன்னொருத்தருக்குச் சாட்சி சொல்லியிருக்கு.

கரும்பொருள் எதால ஆனதுன்னு மட்டும் இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த கணக்கை எந்த மூலையில யாரு போட்டுக்கிட்டு இருக்காங்களோ... சிரிக்காம கேட்போம்.